குழந்தையின் தட்டைப் பாதம்: வீட்டில் எப்படிப் பார்ப்பது, எப்போது மருத்துவரிடம் போவது

நிற்கும்போது உள்ளங்காலின் உட்பக்கம் தூக்கி நிற்காமல் தரையோடு படிந்திருந்தால் அது தட்டைப் பாதம். இரண்டு வயதுக் குழந்தையை ஈரக்காலோடு நடக்கவிட்டுத் தடத்தைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் தட்டையாகத்தான் விழும். ஆகவே 'தட்டையா, இல்லையா?' என்று கேட்பதால் சின்ன வயதில் பெரிய பயன் இல்லை. பார்க்க வேண்டியவை மூன்று: பாதம் வளைந்து கொடுக்கிறதா, வலி இருக்கிறதா, குதிகால் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நார்) இறுகியிருக்கிறதா. மூன்றையும் வீட்டில் பத்து நிமிடத்தில் ஓரளவு சரியாகவே கண்டுபிடித்துவிடலாம்.

வளைவு எப்போது வரும்

பிறந்த குழந்தையின் உள்ளங்காலில், வளைவு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத் திண்டு ஒன்று இருக்கும். எலும்புகளைக் கட்டிவைக்கும் தசைநார்களும் தளர்வாக இருக்கும். எழுந்து நின்றதும் உடல் எடை அந்தத் தளர்ந்த கட்டை அழுத்த, பாதம் தட்டையாகிறது. நடக்க நடக்க நார்கள் இறுகும், தசைகள் வலுப்படும், கொழுப்புத் திண்டு குறையும். வளைவு மூன்று வயதுக்குப் பிறகு மெல்லத் தெரியத் தொடங்கி, பெரும்பாலும் ஆறு ஏழு வயதுக்குள் உருவம் பெறுகிறது. சிலருக்குப் பத்து வயது வரை ஆகும்.

2006-இல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வு 3 முதல் 6 வயது வரையுள்ள 835 குழந்தைகளைப் பார்த்தது. மூன்று வயதில் 54 சதவீதம் பேருக்கும், ஆறு வயதில் 24 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. நோய் என்று சொல்லத்தக்க பாதம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமும், எடை கூடிய குழந்தைகளிடமும் அதிகம் காணப்பட்டது. வளர்ந்த பிறகும் தட்டையாகவே இருக்கும் பாதங்களில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தருவதில்லை. அப்பா அம்மாவின் பாதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இது குடும்பத்தில் தொடர்வது வழக்கம்.

மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல உள்நோக்கி வளைந்திருப்பதும் இயல்பே. அப்போது பாதம் இன்னும் தட்டையாகத் தோன்றும். ஏழு வயதையொட்டி முழங்கால் நேரானதும் பாதத்தின் தோற்றமும் மாறும்.

வீட்டில் பார்க்கும் முறை

வெறுங்கால், முழங்கால் தெரியும் உடை, சமமான கெட்டித் தரை. மெத்தையிலோ தடித்த விரிப்பிலோ பார்க்காதீர்கள். குழந்தை இரண்டு கால்களிலும் சமமாக எடை போட்டு இயல்பாக நிற்கட்டும். 'நேரா நில்லு' என்று சொன்னால் விரல்களை மடக்கி வளைவை வரவழைத்துக்கொள்வார்கள், பிறகு பார்ப்பதில் அர்த்தமில்லை.

முதலில் குழந்தையின் பின்னால் போய்த் தரைமட்டத்துக்குக் குனியுங்கள். கெண்டைக்காலின் நடுக்கோடு குதிகால் வரை நேராக இறங்குகிறதா, அல்லது குதிகாலின் அடிப்பகுதி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா? சிறுவர்களுக்குச் சில டிகிரி சாய்வு இருப்பது சாதாரணம். பின்னாலிருந்து பார்க்கும்போது கணுக்காலுக்கு வெளியே ஒன்றிரண்டு விரல்களுக்கு மேல் தெரிந்தால், முன்பாதம் வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது என்று பொருள். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி தட்டையாக இருப்பதைவிட, ஒன்று மட்டும் தட்டையாக இருப்பதுதான் யோசிக்க வைக்க வேண்டியது.

அடுத்து, நுனிக்காலில் எழச் சொல்லுங்கள். சுவரைத் தொட்டுக்கொள்ளலாம். நெகிழ்வான பாதமாக இருந்தால் எழும்போதே இரண்டு மாற்றங்கள் நடக்கும்: வளைவு தோன்றும், வெளியே சாய்ந்த குதிகால் உட்பக்கம் திரும்பும். குதிகால் திரும்புவதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வளைவு மட்டும் லேசாகத் தெரிந்து, குதிகால் அப்படியே வெளியே சாய்ந்து நின்றால், கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டு அசையவில்லை என்ற சந்தேகம் வரவேண்டும்.

மூன்றாவது, பெருவிரல் சோதனை. குழந்தை நின்றபடி இருக்க, நீங்கள் பெருவிரலை மட்டும் மெல்ல மேலே தூக்குங்கள். உள்ளங்காலின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை, கப்பியில் சுற்றப்படும் கயிறுபோல விரலின் அடிமூட்டைச் சுற்றி இழுபடும். குதிகாலுக்கும் விரலுக்கும் இடையிலான தூரம் குறைந்து வளைவு எழும்பும். எழும்பினால் பாதம் நெகிழ்வானது. நிற்கும்போது தட்டையாகவும், உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால் வளைவோடும் இருப்பதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. மூன்று வயதுக்குக் கீழே கொழுப்புத் திண்டு மறைப்பதால் இந்தச் சோதனைகளை உறுதியாகப் படிக்க முடியாது.

நான்காவது சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குதிகால் நாணின் இறுக்கம்.

குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை நீட்டுங்கள். ஒரு கையால் குதிகாலைப் பிடித்து, உள்ளங்கால் சற்று உள்நோக்கிப் பார்க்கும்படி பாதத்தைத் திருப்பி, அந்த நிலையிலேயே பாதத்தை முழங்கால் பக்கம் மேலே தள்ளுங்கள். உள்நோக்கித் திருப்புவது கட்டாயம். திருப்பாமல் தள்ளினால் கணுக்கால் மடங்குவதற்குப் பதிலாக நடுப்பாதம் மடங்கிக்கொடுக்கும், நாண் தளர்வாக இருப்பதாக நீங்கள் ஏமாந்துபோவீர்கள். காலும் பாதமும் சேரும் செங்கோணத்தைத் தாண்டி இன்னும் 10 டிகிரியாவது மேலே வரவேண்டும். வரவில்லையென்றால் முழங்காலை மடக்கி மறுபடி பாருங்கள். மடக்கியதும் தாராளமாக வந்தால், இறுகியிருப்பது கெண்டைக்காலின் மேல்தசை. மடக்கியும் வரவில்லையென்றால் நாண் முழுவதுமே இறுக்கம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நடக்கும்போது உடல் முன்னால் போக, கணுக்கால் மடங்கியாக வேண்டும். நாண் விடவில்லையென்றால் அந்த மடக்கம் நடுப்பாதத்தில் நடக்கிறது, வளைவு ஒவ்வோர் அடியிலும் நசுங்குகிறது. ஹாரிஸ், பீத் என்ற இரண்டு மருத்துவர்கள் 1940-களில் கனடா ராணுவத்தினர் 3,600 பேருக்கும் மேல் பரிசோதித்துக் கண்டதும் இதுவே: நெகிழ்வான தட்டைப் பாதம் தனியாக இருந்தவர்களுக்குப் பெரிய குறை இல்லை. நாண் இறுக்கமும் சேர்ந்திருந்தவர்களே சிரமப்பட்டார்கள்.

கடைசியாக ஈரத்தடம். பாதத்தை நனைத்து, உதறி, கெட்டியான பழுப்புக் காகிதத்தில் ஒரு முறை நின்று இறங்கச் சொல்லுங்கள். ஓரத்தைப் பேனாவால் வரைந்து, வயதும் தேதியும் எழுதி வையுங்கள். ஒரு தடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். எடை கூடிய குழந்தைக்கு எலும்பு வளைவு சரியாக இருந்தாலும் சதை படிந்து தடம் அகலமாகவே விழும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த தடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் பயன்.

வலி என்று சொன்னால்

தட்டைப் பாதம் இருக்கிறது என்பதற்காக எல்லா வலியையும் அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், இடம் நிறையச் சொல்லும்.

நீண்ட நடைக்குப் பிறகு உள்ளங்காலின் உட்பக்கமோ கெண்டைக்காலோ அலுத்து வலித்து, ஓய்வெடுத்தால் போய்விட்டால், அது தட்டைப் பாதத்தால் வந்திருக்கலாம். இரவில் இரண்டு கால்களிலும் தொடை, கெண்டைக்கால் சதை வலிக்கிறது என்று அழுது, தேய்த்துவிட்டதும் தூங்கி, காலையில் ஓடி விளையாடினால் அது வளர்ச்சி வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்சோல் (ஷூவுக்குள் உள்ளங்காலின் அடியில் வைக்கும் அட்டை) வாங்குவதால் அது தீராது.

8 முதல் 14 வயதுக்குள், விளையாட்டில் தீவிரமாக இருக்கும் பிள்ளைக்குக் குதிகாலின் பின்பக்கம் வலித்து, குதிகாலின் இரு பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் துடித்தால், அது குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியில் வரும் எரிச்சல். ஓட்டம், குதித்தலைக் குறைத்து, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி கொடுத்தால் சரியாகும். உள்கணுக்காலுக்கு முன்னும் கீழுமாக ஒரு புடைப்பு இருந்து ஷூ உரசும்போது வலித்தால், அங்கே கூடுதலாக ஒரு சிற்றெலும்பு இருக்கலாம். நான்கிலிருந்து ஏழு வயதுக் குழந்தை பாதத்தின் வெளியோரத்தில் ஊன்றி நொண்டினால், நடுப்பாதத்தின் படகெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்த கோளாறாக இருக்கலாம். கடைசி இரண்டையும் எக்ஸ்ரே எடுத்துத்தான் உறுதிப்படுத்த முடியும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

நுனிக்காலில் எழும்பியும் வளைவு வரவில்லை, குதிகால் திரும்பவில்லை என்றால் அது விறைப்பான பாதம். பள்ளி வயதில் இதற்கு முக்கியக் காரணம் பாதத்தின் பின்பகுதி எலும்புகள் இரண்டு பிறவியிலேயே ஒட்டியிருப்பது. சிறுவயதில் அந்த ஒட்டு குருத்தெலும்பாக இருப்பதால் எதுவும் தெரியாது. அது எலும்பாக இறுகும் காலத்தில், ஏறத்தாழ 8 முதல் 16 வயதுக்குள், வலி தொடங்கும். சமதளத்தில் நடக்கும்போதே கணுக்கால் அடிக்கடி சுளுக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு இது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டு, மூட்டு அசைகிறதா என்று யாரும் பார்க்காமலேயே வருடங்கள் போய்விடுவது உண்டு.

ஒரு கால் மட்டும் தட்டையாக இருப்பது, முன்பு வளைவு இருந்து இப்போது போய்விட்டது, நொண்டல், வீக்கம், காய்ச்சலோடு மூட்டு வலி, காலை எழுந்ததும் மூட்டு பிடித்துக்கொள்வது, ஒரே இடத்தில் வந்து தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவற்றுக்கும் காத்திருக்காதீர்கள். பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை, எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கிறது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி ஏறுகிறது என்றால் பாதத்தைத் தாண்டி நரம்பையும் தசையையும் பார்க்க வேண்டும். விரல், முழங்கை, முழங்கால் எல்லாம் அளவுக்கு மீறி வளைந்தால் அதையும் சொல்லுங்கள்.

பிறந்த குழந்தையிடம் ஒன்றைத் தனியாகக் கவனிக்கவும். உள்ளங்கால் தட்டையாக இல்லாமல் கீழ்நோக்கிப் புடைத்து, பாதம் கெட்டியாக இருந்தால், அது கணுக்கால் எலும்பு செங்குத்தாகத் திரும்பிய பிறவிக் கோளாறாக இருக்கலாம். முதல் வாரங்களிலேயே மாவுக்கட்டுச் சிகிச்சை தொடங்குவது நல்லது. பாதம் மேலே மடிந்து முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பைத் தொட்டாலும், கையால் எளிதாகக் கீழே கொண்டுவர முடிந்தால் அது கருப்பையில் மடங்கிக் கிடந்ததால் வந்தது, பொதுவாகச் சில மாதங்களில் சரியாகும். இரண்டையும் பார்வையில் குழப்பிக்கொள்வது எளிது என்பதால் மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

ஷூ வளைவை உண்டாக்குமா

உண்டாக்காது. 1989-இல் வெளியான ஓர் ஆய்வில் 129 சிறு குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்து, சிலருக்குத் திருத்தும் ஷூ, சிலருக்குக் குதிகால் கிண்ணம், சிலருக்கு அச்செடுத்த பிளாஸ்டிக் இன்சோல் கொடுத்து, ஒரு குழுவை எதுவும் கொடுக்காமல் விட்டு, மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். நான்கு குழுவிலும் பாதம் முன்னேறியது. எதுவும் போடாத குழந்தைகளும் அதே அளவு முன்னேறினார்கள். 'இந்த ஷூ போட்டுத்தான் என் பிள்ளைக்கு வளைவு வந்தது' என்று பலர் மனதார நம்புவதற்குக் காரணமும் இதில் இருக்கிறது: வயதுதான் வேலை செய்தது, பெயர் ஷூவுக்குப் போனது.

மாறாக, 1992-இல் 4 முதல் 13 வயதுள்ள 2,300 குழந்தைகளின் பாதத்தடங்களை ஆராய்ந்தபோது, காலணி அணிந்து பழகியவர்களில் 8.6 சதவீதமும், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதமும் தட்டைப் பாதத்தோடு இருந்தார்கள். காலணிதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டுக்குள்ளும், கண்ணாடி முள் இல்லாத புல், மணல் தரையிலும் குழந்தையை வெறுங்காலில் விடத் தயங்க வேண்டியதில்லை. கணுக்காலைத் தாண்டிய உயரமான பூட்ஸ் கணுக்காலை வலுவாக்கும் என்பதும் பழைய நம்பிக்கை மட்டுமே.

வெளியே போடும் ஷூவின் அளவில் கவனம் வேண்டும். மாலையில் அளங்கள், பகல் முழுக்க நடந்தபின் பாதம் சற்றுப் பெரிதாக இருக்கும். காகிதத்தைச் சுவரையொட்டி வைத்து, குதிகால் சுவரைத் தொட நிற்கவைத்து, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். அது பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு காலையும் அளந்து, பெரிய அளவோடு 10 முதல் 12 மில்லிமீட்டர் சேர்த்து, அந்த நீளத்துக்கு ஓர் அட்டைத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அட்டை மடங்காமல் ஷூவுக்குள் படுத்தால் நீளம் சரி. ஷூவின் நுனியை வெளியிலிருந்து அழுத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள். அழுத்தும்போது குழந்தை விரலை மடக்கிக்கொள்ளும்.

பிறகு ஷூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் எளிதாக வளைய வேண்டும். பாதி நீளத்தில் வளைந்தாலோ, ஈரத்துணி பிழிவதுபோல முறுக்க முடிந்தாலோ விட்டுவிடலாம். குதிகாலைச் சுற்றிய பகுதி விரலால் அழுத்தினால் உடனே மடங்கக் கூடாது. முன்பக்கம் விரல்கள் விரியும் அகலம் வேண்டும். கயிறோ ஒட்டுப்பட்டையோ இருப்பது நல்லது. மூன்று வயது வரை பாதம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளர்கிறது, அதற்குப் பிறகு ஆறு வயது வரை சுமார் ஒரு மில்லிமீட்டர். அதனால் சின்னவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அளக்க வேண்டும். அண்ணன் அக்கா போட்டுத் தேய்ந்த ஷூ வேண்டாம், அது அவர்கள் நடையின் சாய்வில் தேய்ந்திருக்கும்.

இன்சோல் யாருக்கு

வலி இல்லாத நெகிழ்வான பாதத்துக்கு வேண்டாம். வலியோ, சீக்கிரம் கால் அலுத்துப்போவதோ இருந்தால் முயன்று பார்க்கலாம். முதலில் ஆயத்தமாகக் கிடைக்கும் சாதாரண இன்சோலே போதும். அச்செடுத்துச் செய்யும் விலையுயர்ந்தவை அதைவிடச் சிறந்தவை என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. குதிகால் பகுதி கிண்ணம்போல ஆழமாக இருப்பதாக, கையால் அழுத்தினால் சற்றுக் கொடுப்பதாகத் தேர்ந்தெடுங்கள். ஷூவிலிருந்த பழைய அட்டையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வையுங்கள். அட்டையின் மேலேயே வைத்தால் குதிகால் உயர்ந்து ஷூ கழன்றுகொண்டே இருக்கும்.

முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினம் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு போங்கள். தோல் சிவந்து அரை மணி நேரத்துக்கு மேல் மறையாவிட்டால் அது பொருந்தவில்லை. மூன்று மாதத்தில் வலி குறையவில்லையென்றால் நிறுத்திவிட்டு மீண்டும் மருத்துவரைக் கேளுங்கள். இன்சோல் போட்டதும் வலி கூடினால் பெரும்பாலும் காரணம் இறுகிய குதிகால் நாண். கீழே இறங்கத் துடிக்கும் எலும்பை அடியிலிருந்து ஒரு கெட்டிப் பொருள் முட்டுகிறது, நடுவில் சதை நசுங்குகிறது. அந்தக் குழந்தைக்கு நாணைத் தளர்த்துவதே முதல் வேலை. கெட்டி இன்சோலை அதற்குமுன் கொடுப்பது தவறு.

பயிற்சி

நாண் இறுகியிருந்தால் கெண்டைக்கால் நீட்சியைத் தவறாமல் செய்ய வேண்டும். சுவரைப் பார்த்து நின்று கையூன்றி, ஒரு காலைப் பின்னால் வைக்கவும். பின்கால் முழங்கால் நேராக, குதிகால் தரையில், விரல்நுனி நேராக அல்லது துளி உள்நோக்கி. அப்படியே இடுப்பைச் சுவர் பக்கம் கொண்டுபோய் 30 நொடி நிறுத்தவும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை, காலை மாலை. அதையே பின்முழங்காலைச் சற்று மடக்கியும் செய்தால் அடித்தசையும் நீளும். வழக்கமாக நேரும் தவறு, பாதம் வெளிநோக்கித் திரும்பிக்கொள்வது. அப்போது நாண் நீளாது, வளைவுதான் மேலும் நசுங்கும். உள்ளோரத்தின் அடியில் மடித்த சிறு துணி வைத்தால் தவறு குறையும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாகும்.

வலுவுக்கு: இரண்டு குதிகால்களுக்கு நடுவில் சிறு பந்தை இடுக்கிக்கொண்டு நுனிக்காலில் எழுந்து, மூன்று எண்ணி மெதுவாக இறங்குவது, பத்து முறை, இரண்டு சுற்று. பந்து விழாமல் இருக்க வேண்டுமென்றால் குதிகால் உட்பக்கம் திரும்பித்தான் ஆகவேண்டும், அதனால் பயிற்சி தானாகவே சரியாக நடக்கும். ஐந்தாறு வயதுக்கு மேல், விரல்களை மடக்காமல் உள்ளங்காலைச் சுருக்கி வளைவை உயர்த்தி ஐந்து நொடி நிறுத்தும் பயிற்சியையும் கற்றுக்கொடுக்கலாம். அதைவிடச் சின்னவர்களுக்குப் பயிற்சி என்று சொல்லி உட்காரவைக்க முடியாது. எட்டாத உயரத்தில் பொம்மையை வைத்து நுனிக்காலில் எடுக்கச் சொல்வது, மணலில் ஓடவிடுவது, ஏறி இறங்க விடுவது போதும். இவையெல்லாம் வலியையும் களைப்பையும் குறைக்கத்தான். பயிற்சியால் எலும்பு வளைவு நிச்சயம் உயரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மருத்துவரிடம் போனால்

எடுத்துவைத்த தடங்கள், தினமும் போட்டுத் தேய்ந்த ஷூ, பின்னாலிருந்து எடுத்த நடை வீடியோ மூன்றையும் கொண்டுபோங்கள். ஷூவின் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது ஐந்து நிமிடக் கேள்விகளை மிச்சப்படுத்தும். வலியில்லாத நெகிழ்வான பாதத்துக்கு எக்ஸ்ரே தேவையில்லை. தேவைப்படும்போது குழந்தையை நிற்கவைத்தே எடுக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்த படத்தில் வளைவு சரியாகவே தெரிந்துவிடும். எலும்பு ஒட்டியிருக்கும் சந்தேகம் இருந்தால் சாய்வுக் கோணப் படமும், சில வேளை சிடி ஸ்கேனும் கேட்பார்கள்.

அறுவைச் சிகிச்சை மிக மிக அரிது. நீட்சி, ஷூ, இன்சோல், ஓய்வு எல்லாம் மாதக்கணக்கில் முயன்றும் வலி நடையைத் தடுத்தால்தான், அதுவும் பொதுவாக எட்டு வயதுக்கு மேல்தான் அந்தப் பேச்சு வரும். குதிகால் எலும்பை வெட்டி நீளமாக்குவது, இறுகிய நாணைத் தளர்த்துவது, ஒட்டிய எலும்பைப் பிரிப்பது ஆகியவை அதில் அடங்கும். வலியே இல்லாத பிள்ளைக்குத் தோற்றத்துக்காகவோ வருங்காலத்துக்கு முன்னெச்சரிக்கையாகவோ யாராவது அறுவை சொன்னால், இன்னொரு குழந்தைகள் எலும்பு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.